வேலையை விட்டுவிட்டுச் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. சிவில் முடித்து நான்கு வருடமாக ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றுச்சூழல் பொறியியல், மாசுக் கட்டுப்பாடு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முழுநேரம் என்றால் 2 வருடம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தால் 3 வருடம். இரண்டுக்கும் மொத்தக் கட்டணம் ஒன்றுதான், என்னுடைய 20 மாதச் சம்பளம். கையில் 14 மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. வீட்டுக்கு அனுப்புவது உட்பட மாதம் 70 சதவீதம் செலவாகிறது, 30 சதவீதம் மிஞ்சுகிறது. முழுநேரம் படித்தால் சிக்கனமாகப் பாதிச் சம்பளத்தில் ஓட்டிவிடுவேன். "கடனே வேண்டாம், இருப்பதை எடுத்துக் கட்டு, குறைவதை நான் தருகிறேன்" என்கிறார் அப்பா. "10 சதவீத வட்டிக்குக் கல்விக் கடன் கிடைக்கிறது, சேமிப்பில் கை வைக்காதே" என்கிறான் நண்பன். இந்தப் படிப்பு முடித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் கூடுதல் சம்பளம் கிடைப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்ன செய்யட்டும்? பாடத்திட்டத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: பாடத்திட்டத்தை அனுப்பியதற்கு நன்றி. இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கட்டண விவரத்தை மட்டும்தான் அனுப்புவார்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தப் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது.

அப்பாவும் நண்பரும் கடனா சேமிப்பா என்று மல்லுக்கட்டுகிறார்கள். அதற்கு முன் இந்தப் படிப்பு உங்களுக்கு என்ன விலைக்கு வருகிறது என்று பார்த்துவிடலாம்.

உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். கட்டணம் 2,000. முழுநேரம் படித்தால் 24 மாதம் சம்பளம் இல்லை, அது 2,400. ஆக, விலை 4,400. கைவிட்டுப்போகிற சம்பளம் கட்டணத்தைவிடப் பெரியது என்பதைப் பலர் எழுதிப் பார்ப்பதே இல்லை. அதற்கு யாரும் ரசீது தருவதில்லை, அதனால்தான். சாப்பாடு, வாடகையை இதில் சேர்க்கவில்லை. படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்தச் செலவு இருக்கத்தான் போகிறது. கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்க்கும்போது மட்டும் அதைச் சேர்க்க வேண்டும். அது தனிக் கணக்கு, பின்னால் வருகிறேன்.

படித்து முடித்ததும் 140 சம்பளம் என்ற உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டால், மாதம் 40 கூடுதல். 4,400-ஐ 40-ஆல் வகுத்தால் 110 மாதம். வட்டியைச் சேர்க்காமலே, போட்ட பணம் திரும்பி வர 9 வருடத்துக்கு மேல். பகுதிநேரத்தில் விலை 2,000 மட்டும். சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போவதால் 480 நஷ்டம், அதையும் சேர்த்தால் 62 மாதம். வித்தியாசம் நான்கு வருடம்.

இத்தோடு நிறுத்தினால் பகுதிநேரம்தான் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் அந்தக் கூடுதல் 40 யாருக்குக் கிடைக்கிறது?

உங்கள் பாடத்திட்டத்தில் உட்கார்ந்து கேட்டுத் தேர்வு எழுதும் பாடங்கள் ஒரு பக்கம்: சுற்றுச்சூழல் வேதியியல், காற்று மாசு, திடக்கழிவு, சட்டங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. கை அழுக்காகும் பாடங்கள் இன்னொரு பக்கம்: நீர்ப் பகுப்பாய்வு ஆய்வகம், சுத்திகரிப்பு நிலைய வடிவமைப்பு, ஆய்வேடு. முழுநேர அட்டவணையில் இரண்டாவது வகை கட்டாயம். பகுதிநேர அட்டவணையில் எல்லாமே மாலை வகுப்பு. ஆய்வகத்துக்கும் வடிவமைப்புக்கும் நேராக "விருப்பப்பாடம்" என்று போட்டிருக்கிறார்கள். என் கண் அங்கேதான் நின்றது.

சில வருடங்களுக்கு முன், ஒரு வாடிக்கையாளரின் கடன் விஷயமாக அவருடைய தொழிற்சாலைக் கழிவுநீர் நிலையத்தைப் பார்க்கப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கிருந்த பொறியாளர் காற்றூட்டும் தொட்டியிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீரை மொண்டு ஒரு லிட்டர் அளவு ஜாடியில் ஊற்றி மேசைமேல் வைத்தார். 30 நிமிடம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது சேறு கீழே படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது. சேறு நின்ற கோட்டைக் குனிந்து பார்த்தார். எவ்வளவு சேற்றைத் தொட்டிக்கே திருப்புவது, எவ்வளவை வெளியேற்றுவது என்று அங்கேயே ஆளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டி, கழிவைத் தின்னவைக்கும் முறை இது. மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் இந்தச் சுத்திகரிப்பு முறையை உலகத்துக்குச் சொன்னது 1914-இல். நூறு வருடம் தாண்டியும் இந்த முறையை ஓட்டத் தெரிந்த ஆளுக்குத் தேவை குறையவில்லை.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்றால், மின்சாரத்தில். இப்படி ஓடும் நிலையத்தின் மின்செலவில் ஏறக்குறைய பாதி, பல இடங்களில் அதற்கு மேலேயே, தொட்டிக்குள் காற்று ஊதுவதற்குப் போகிறது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் போதும் என்ற இடத்தில் 5 ஓடிக்கொண்டிருந்தால், நிறுவனத்தின் காசு குமிழியாக மேலே வந்து வெடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்து நிறுத்துகிறவருக்கு 140 கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள். காற்று மாசுப் பக்கமும் இதே கதைதான். புகையைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் கருவி மலிவு, ஆனால் தூசியின் அளவு 10 மைக்ரானுக்குக் கீழே போகப் போகப் பிடிப்பு குறையும். பை வடிகட்டி நுண்தூசியையும் பிடிக்கும், ஆனால் விசிறிக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், பைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எதை வாங்குவது என்பது கடைசியில் வாங்கும் விலையா, ஓட்டும் செலவா என்ற கணக்கில் வந்து நிற்கும். உங்கள் விருப்பப்பாடங்களில் பொறியியல் பொருளாதாரம் என்று ஒன்று இருக்கிறது. என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை, அதை எடுத்துவிடுங்கள்.

ஆகவே வெறும் மாலை வகுப்பை முடித்து வாங்கும் பட்டத்துக்கு அந்த 40 முழுதாகக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. சரி, ஆய்வகத்தைச் சனி, ஞாயிறில் முடித்துக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். அதற்கும் ஒரு சிக்கல். கழிவுநீரின் பலத்தை அளக்கும் பி.ஓ.டி. சோதனையில் மாதிரியை 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் இருட்டில் வைத்திருந்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். சனிக்கிழமை பாட்டிலை வைத்தால் வியாழக்கிழமை எடுக்க வேண்டும். வியாழக்கிழமை நீங்கள் சைட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு உங்கள் லீவு நாள் தெரியாது.

அதனால் நான் சொல்வது மூன்றாவது வழி. பகுதிநேரத்தில் சேருங்கள். தேர்வுப் பாடங்களை முதல் நான்கு பருவத்தில் மாலையில் முடியுங்கள். 5-ஆம் பருவத்தில் மட்டும் நிறுவனத்தில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு வாங்கி, ஆய்வகம், வடிவமைப்பு, ஆய்வேட்டுக்கான களவேலை மூன்றையும் பகலில் முழுதாகச் செய்யுங்கள். கடைசிப் பருவத்தில் வேலைக்குத் திரும்பி ஆய்வேட்டை எழுதுங்கள். இதன் விலை 2,000-உடன் இழக்கும் சம்பளம் 600, தள்ளிப்போகும் உயர்வு 480. மொத்தம் 3,080, அதாவது 77 மாதம். வெறும் பகுதிநேரத்தைவிட 15 மாதம் கூடுதல்தான். ஆனால் அந்தச் செலவுதான் 40-ஐ உறுதிப்படுத்துகிறது.

இப்போது கடனுக்கு வருவோம். முழுநேரத்தில் கையில் வேண்டிய பணம், கட்டணம் 2,000, இரண்டு வருட ஜீவனத்துக்கு 1,200, ஆக 3,200. சேமிப்பு 1,400-இல் அவசரத்துக்கு 400-ஐத் தொடாமல் வைத்தால் கடன் 2,200. பருவத்துக்குப் பருவம் நான்கு தவணையாக வாங்கினால், படிப்பு முடிந்து ஆறு மாதச் சலுகைக் காலமும் கழியும்போது சாதாரண வட்டியே 385 ஏறி 2,585 ஆகிவிடும். (மொத்தத்தையும் முதல் நாளே வாங்கிவிட்டால் வட்டி 550. எந்தக் கடனானாலும் தேவைப்படும்போது தேவைப்படுவதை மட்டும் எடுங்கள்.) 7 வருடத்தில் அடைக்க மாதத் தவணை 43. நீங்கள் எதிர்பார்க்கும் சம்பள உயர்வே 40. ஏழு வருடம் அந்த உயர்வு உங்கள் கண்ணிலேயே படாது.

நான் சொல்லும் வழியில் முதல் நான்கு பருவம் சம்பளம் வருகிறது. பருவத்துக்கு 333 கட்டி, 180 மிச்சம் பிடித்தால், இரண்டு வருட முடிவில் சேமிப்பு 788 இருக்கும். விடுப்புப் பருவத்தில் கட்டணம், செலவு சேர்ந்து 753 போகும். கடைசிப் பருவத்தில் இன்னும் 153 குறையும். அவசர நிதியாக ஆறு மாதச் செலவு 420-ஐத் தொடாமல் காப்பாற்ற, கடைசி இரண்டு பருவத்தில் 540 அளவுக்குக் கடன் போதும். மூன்று வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 20-க்குள் நிற்கும்.

உங்கள் விசாரிப்பு தவறிப்போய், கூடுதல் சம்பளம் 40-க்குப் பதில் 10-தான் என்றால்? பழைய 30-உடன் சேர்த்து மாதம் மிஞ்சுவது 40. அதில் தவணைக்கு 20 போனால் பழைய மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். முழுநேரக் கடனுக்கு அந்த 40 முழுவதையும் கொடுத்தாலும் மாதம் 3 துண்டு விழும், ஏழு வருடத்துக்கு. எனக்கு முடிவைச் சொன்னது இந்தக் கணக்குதான்.

அப்பா விஷயம். அவர் பயப்படுவது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளை நினைத்து. அவருக்கு விளக்க உங்கள் பாடத்திலேயே ஒரு படம் இருக்கிறது. ஓஹியோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் வெளியிட்ட வளைகோடு. கழிவு ஆற்றில் விழும் இடத்தில் ஆக்சிஜன் உடனே அடிமட்டத்துக்குப் போய்விடாது. தண்ணீர் ஓட ஓட நுண்ணுயிர்கள் தின்று தின்று, கொஞ்ச தூரம் தள்ளித்தான் அது மிகக் குறைவான புள்ளியைத் தொடும். மீன் மிதப்பது அங்கேதான், குழாய் வாயில் அல்ல. பணமும் அப்படித்தான். முழுநேரத் திட்டத்தில் அந்தப் புள்ளி 30-ஆவது மாதம்: சேமிப்பு கரைந்திருக்கும், சலுகைக் காலம் முடிந்திருக்கும், நல்ல வேலை இன்னும் அமையாமலும் இருக்கலாம். அவசர நிதி அந்த மாதத்துக்காகத்தான். கட்டணத்தில் குறைகிறது என்று அதை எடுத்துக் கட்டிவிடாதீர்கள். அதற்கு மேல் இருக்கும் சேமிப்பை டெபாசிட்டில் விட்டுவிட்டு 10 சதவீதத்துக்குக் கடன் வாங்கச் சொல்லும் நண்பரின் யோசனையும் வேண்டாம். டெபாசிட் 10-க்குக் குறைவாகக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. அப்பா பணம் தர வேண்டாம், கடனுக்கு ஜாமீன் நின்றால் போதும். ஆனால் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், கடன் தொகைக்கு உங்கள் பேரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முழுநேரத்துக்குப் போகலாம். ஆய்வு உதவியாளர் இடம் கிடைத்து, கட்டணம் முழுதும் தள்ளுபடியாகி, மாதம் 50 அளவுக்கு உதவித்தொகையும் வந்தால், படிப்பின் விலை 1,200-க்கு இறங்கிவிடும். 30 மாதத்தில் திரும்பிவிடும், கடனும் தேவையில்லை. கட்டணத்தில் பாதி மட்டும் தள்ளுபடி என்றால் விலை 3,400, திரும்ப 85 மாதம். மூன்றாவது வழிதான் அப்போதும் முந்தும். "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள், கடிதமாக வர வேண்டும். உங்கள் நிறுவனமே கட்டணம் கட்டுகிறேன் என்று முன்வந்தால், எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் முழுத் தொகையா, மீதி வருடங்களுக்கான பங்கு மட்டுமா என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு. பகுதிநேர மாணவர் ஒரே பருவத்தில் ஆய்வகம், வடிவமைப்பு, களவேலை மூன்றையும் பகலில் எடுக்க அனுமதி உண்டா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். ஆறு மாத விடுப்பு தருவார்களா என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். இரண்டில் ஒன்று முடியாது என்று வந்தாலும் சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள்.