பாண்டி ஓட்டல்ல சர்வீஸ் சார்ஜை எடுக்க மாட்டேங்கறாங்க, கடலூர்ல கேஸ் போடலாமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கார். போன மாசம் அம்மா, மனைவி, பையனோட ஒரு நாள் பாண்டி போயிருக்கார். மதியம் ஒயிட் டவுன்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல சாப்பிட்டது 2400 ரூபா. பில்லுல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்னு 240 போட்டு அதுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி. எடுங்கன்னு கேட்டதுக்கு மேனேஜர், "இது யூனியன் பிரதேசம் சார், உங்க தமிழ்நாட்டு சட்டம் இங்க செல்லாது, வேணும்னா பாண்டி கோர்ட்டுக்கு போய்க்குங்க"ன்னுட்டாராம். 20 ரூபா தண்ணி பாட்டில் 60 ரூபா. அம்மாவுக்கு அந்த ஊர்னா உயிர், அடுத்த மாசம் மறுபடி போறோம், இந்த தடவ என்ன பண்றதுன்னு கேக்கறார்.

பதில்: மேனேஜர் சொன்னது சுத்தப் பொய். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ங்கறது பார்லிமென்ட்ல போட்ட சட்டம், அது நம்ம எல்லையில இருக்கற ஆல்பேட்டை செக்போஸ்ட்டோட நின்னுடாது, அந்தாண்ட முள்ளோடையிலயும் அதே சட்டம்தான், பீச் ரோட்டுலயும் அதே சட்டம்தான். பிரெஞ்சுக்காரன் போய் 1962லயே பாண்டி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தாச்சு, இன்னும் ஊருக்கு வர்றவங்க கிட்ட "இங்க ரூல் வேற"ன்னு சொல்லியே காசு புடுங்கறாங்க, கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்குது.

2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டுதல்ல தெளிவாவே இருக்கு. ஓட்டல்காரங்க தானா பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேற பேர் வெச்சும் வாங்கக் கூடாது, அதையும் கூட்டி மேல ஜிஎஸ்டி போடக் கூடாது. ஓட்டல் சங்கங்க இத எதிர்த்து டெல்லி ஐகோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச் 28ல ஆணையம் பக்கம்தான் தீர்ப்பு. அதுக்கு மேல அப்பீலும் போயிருக்காங்க. 'ஸ்டாஃப் வெல்ஃபேர்'னு பேர மாத்திப் போட்டாலும் அதே கத தான்.

உங்க பில்லையே எடுத்துக்குங்க. 2400க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 120, ஆக 2520 தான் நீங்க கட்ட வேண்டியது. அவங்க 240ஐ சேர்த்து 2640க்கு 132 ஜிஎஸ்டி போட்டு 2772 வாங்கிட்டாங்க. 252 ரூபா அதிகம். (ரூம் வாடகை 7500க்கு மேல இருக்கற பெரிய ஓட்டலுக்குள்ள சாப்பிட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் வரும், அது வேற.)

இந்த தடவ உக்காந்ததும் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே சர்வீஸ் சார்ஜ் போடுவீங்களான்னு கேட்டுடுங்க, போடுவோம்னா எழுந்து அடுத்த தெருவுக்குப் போங்க, அந்த ஊர்ல சாப்பாட்டுக்கா பஞ்சம். சாப்பிட்டப்புறம்தான் தெரியுதுன்னா, சத்தம் போடாம, "சர்வீஸ் சார்ஜ் இல்லாம வேற பில் போட்டுக் குடுங்க"ன்னு மட்டும் கேளுங்க. முடியாதுன்னா அங்கயே டேபிள்ல இருந்தே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க, 8800001915ல வாட்ஸ்அப்பும் இருக்கு. பாதிப் பேர் போன எடுத்ததுமே பில்ல மாத்திடுவாங்க. அப்பவும் மாத்தலன்னா காச கட்டிடுங்க, ஆனா கேஷா குடுக்காதீங்க, கார்டுலயோ யூபிஐலயோ கட்டுங்க, சாட்சி அதான். பரிமாறின பையன் நல்லா கவனிச்சா அவன் கையில தனியா அம்பதோ நூறோ குடுங்க, அவனுக்கு போய்ச் சேரும்.

இப்ப கேஸ். பாண்டிக்கு நீங்க அலையவே வேண்டாம். பழைய 1986 சட்டத்துல எதிர் தரப்பு எங்க இருக்கோ, இல்ல பிரச்சினை எங்க நடந்துச்சோ அந்த ஊர்லதான் போடணும், புதுச் சட்டத்துல நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், 34வது பிரிவு. அதனால கடலூர் மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயே போடுங்க, ஓட்டல்காரர்தான் தென்பெண்ணை தாண்டி வரணும். 5 லட்சம் வரைக்கும் பீஸ் கெடயாது, 2 வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் கட்டாயம் இல்ல. நானே வக்கீல்தான், நான் சொல்றேன், இதுக்கு வக்கீல் வேண்டாம். கோர்ட் வாசல்ல 'நுகர்வோர் சங்கம்'னு விசிட்டிங் கார்டு நீட்டி "ஒரு லட்சம் நஷ்டஈடு வாங்கித் தரேன், முன்பணம் மூவாயிரம்"னு வர்றவன்கிட்ட மட்டும் மாட்டிக்காதீங்க.

ஒண்ணு சொல்லிடறேன், சட்டத்துல 3 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு இருக்கு. நடக்கறது என்னன்னா நோட்டீஸ் எதிர் தரப்புக்கு போய்ச் சேரலன்னு ஒரு வாய்தா, எதிர் தரப்பு வக்கீல் வரலன்னு ஒரு வாய்தா, உறுப்பினர் போஸ்ட் காலியா கெடக்குதுன்னு ஒரு வாய்தா. 252 ரூபாய்க்காக ஒரு மனுஷன் எத்தன நாள் வேலைக்கு லீவு போடுவான், இது தெரிஞ்சுதான் அந்த மேனேஜர் கோர்ட்டுக்குப் போன்னு தைரியமா சொல்றார். அதனால கேஸுக்கு முன்னாடி 1915, புதுச்சேரி கலெக்டருக்கு ஒரு புகார் மனு, இந்த ரெண்டையும் பண்ணிடுங்க.

தண்ணி பாட்டில் விஷயத்துல மட்டும் நீங்க நெனைக்கறது தப்பு. எம்ஆர்பிக்கு மேல வித்தா குத்தம்னு எல்லாரும் சண்டைக்குப் போறாங்க, கடைன்னா அது சரி. ஆனா 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஓட்டல்ல உக்கார வெச்சு, ஏசி போட்டு, கிளாஸ் வெச்சு பரிமாறும்போது அது வெறும் பாட்டில் விக்கறது இல்ல, சேவையும் சேர்ந்தது, அதனால எம்ஆர்பி ரூல் அங்க பொருந்தாதுன்னு. மெனு கார்டுல 60னு போட்டிருந்தா 60 வாங்கலாம். அதே பாட்டில பஸ் ஸ்டாண்டு பொட்டிக் கடையிலயோ, பீச் ரோடு தள்ளுவண்டியிலயோ 20க்கு மேல கேட்டா குடுக்காதீங்க, அங்க ஏசியும் இல்ல சேரும் இல்ல. ஓட்டல்ல இந்த வம்பே வேண்டாம்னா உக்காந்ததும் "சாதா தண்ணி போதும்"னு சொல்லிடுங்க, சொல்லலன்னா கேக்காமலே மூடியத் திருகிட்டுதான் டேபிள்ல வெப்பாங்க.

பில்லைவிட எனக்கு பயமே வாடகை ஸ்கூட்டரும் ஆட்டோவும்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம், மிஷன் வீதி பக்கம் ஸ்கூட்டர் வாடகைக்கு வரிசையா நிக்கும். சாவிய வாங்கறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்ட பாருங்க. கறுப்பு பிளேட்டுல மஞ்ச எழுத்துன்னா அது வாடகைக்குன்னே பதிவான வண்டி. வெள்ள பிளேட்டுல கறுப்பு எழுத்துன்னா யாரோ வீட்டு வண்டி, பாதி வாடகைக்கு தரேன்னாலும் தொடாதீங்க. அந்த இன்சூரன்ஸ்ல வாடகைக்கு விட்டா செல்லாதுன்னு எழுதியே இருக்கும், ஒருத்தர் மேல மோதிட்டீங்கன்னா வண்டி குடுத்தவன் போன் ஸ்விட்ச் ஆஃப், இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சுடும், நீங்கதான் ஸ்டேஷன்ல நிப்பீங்க. இந்த மாதிரி எத்தன பேர் எங்கிட்ட அழுதிருக்காங்க தெரியுமா. ஒரிஜினல் லைசென்ஸ்சையும் ஆதாரையும் அவன்கிட்ட விட்டுட்டுப் போகாதீங்க, "வண்டியில கீறல் விழுந்துடுச்சு, அஞ்சாயிரம் வெட்டு"ன்னு அத புடிச்சு வெச்சுக்கிட்டு பேரம் பேசுவான். எடுக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்குங்க.

ஆட்டோவுல ஏறினா "அரவிந்தர் ஆசிரமம் இன்னிக்கு மூடியாச்சு, நல்ல கடை ஒண்ணு காட்டறேன்"னு சொல்றவர நம்பாதீங்க. ஆசிரமம் மத்தியானம் சாத்தி ரெண்டு மணிக்கு மறுபடி திறக்கும், அவருக்கு கடையில கமிஷன். சாப்பாட்டுக்கு இடம் அவர் சொன்னாலும் அப்படித்தான், சர்வீஸ் சார்ஜ் போடற இடமாதான் பெரும்பாலும் இருக்கும், அந்தக் கமிஷன் உங்க பில்லுல இருந்துதான் போகுது. ஆரோவில்ல மாத்ரிமந்திர வெளியில இருந்து பாக்கற பாஸ் இலவசம், அதுக்கு காசு கேட்டா அவன் புரோக்கர்.

அம்மாவுக்கு வயசாச்சுன்னா போற வழியிலயே சுண்ணாம்பாறு படகு குழாம காலையில முடிச்சுடுங்க, கடலூர் ரோட்டுலயேதான் இருக்கு, வெயில் ஏறறதுக்குள்ள வந்துடலாம். சாயங்காலம் 6 மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, அதனால அஞ்சரைக்கே காந்தி சிலை பக்கத்துல அவங்கள இறக்கி விட்டு உக்கார வெச்சுட்டு நீங்க வண்டிய தள்ளி நிறுத்திட்டு வாங்க.

பில்ல அன்னிக்கே போட்டோ எடுத்து ஒரு ஜெராக்ஸும் போட்டு வெச்சுடுங்க, மெஷின் பேப்பர் கார் டேஷ்போர்டு வெயில்ல கெடந்தா எழுத்தே இருக்காது. போன மாச பில் பத்திரமா இருந்தா அதையும் கேஸுக்கு எடுத்து வெச்சுக்குங்க, அதுக்கும் 2 வருஷம் டைம் இருக்கு.