ரெய்டு லூட்: ரோலுக்கு ஞாபகம் கிடையாது, பட்டியலுக்கு உண்டு

கேள்வி: ஆன்லைன் கேம் ஒன்றில் நாங்கள் பத்துப் பேர் கொண்ட கில்ட், அதாவது நிரந்தரக் குழு. வாரம் இரண்டு ராத்திரி ரெய்டு, அதாவது எல்லாரும் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தப் போகிறோம். அதில் விழும் பொருள் (லூட்) வேண்டும் என்பவர்கள் ரோல் போடுவார்கள், அதாவது பகடை போலக் குருட்டாக ஒரு எண் எடுப்பார்கள், பெரிய எண் வந்தவருக்குப் பொருள். ஒருவருக்கே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. மற்றவர்களைக் குணப்படுத்தும் எங்கள் ஹீலருக்கு இதுவரை உருப்படியாக ஒன்றும் வரவில்லை, விலகப் போவதாகச் சொல்கிறார். தலைவராக நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஹீலர் சும்மா குறைபட்டுக்கொள்ளவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பொருளுக்கு ஐந்து பேர் ரோல் போட்டால், ஒருவர் தோற்பதற்கான வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 80 சதவீதம். பத்துப் பொருள் விழுந்த பிறகும் ஒரு குறிப்பிட்ட ஆள் வெறுங்கையோடு நிற்க ஏறக்குறைய 11 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து பேரில் யாராவது ஒருவர் அப்படி நிற்பதற்கோ சுமார் 48 சதவீதம். யாருமே ஏமாற்றாவிட்டாலும் கிட்டத்தட்ட பாதிக் குழுக்களில் ஒருவர் இப்படிப் புழுங்கிக்கொண்டுதான் இருப்பார். போன வாரம் யாருக்குக் கிடைத்தது என்பது ரோலுக்குத் தெரியாது. ஒரு ராத்திரிக்குச் சேர்ந்து ஆடிப் பிரியும் அந்நியர்களுக்கு அது போதும். வாராவாரம் அதே பத்துப் பேர் என்றால் போதாது.

இந்தச் சிக்கல் பழையது. 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட் என்ற ஆன்லைன் கேமில் கில்டுகள் இதற்காகவே டி.கே.பி. என்ற புள்ளிக் கணக்கை உருவாக்கின. டிராகன் கில் பாயிண்ட்ஸ் என்பதன் சுருக்கம் அது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி சேரும், பொருள் வாங்கினால் குறையும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 40 பேர் சேர்ந்து ஒரு பாஸை, அதாவது பெரிய எதிரியை, வீழ்த்தி இரண்டு மூன்று பொருளைப் பார்த்துக்கொண்டு நின்ற காலத்தில் இது இல்லாமல் பெரிய கில்ட் நடத்துவது கடினம். ஆனால் பழையவர்கள் புள்ளியைச் சேர்த்துவைத்துக்கொண்டே போவார்கள், புதிதாக வந்தவர் எட்டவே முடியாது. அதைச் சரிசெய்ய வந்தது ஈ.பி.ஜி.பி. இதில் உழைப்புப் புள்ளியை, வாங்கிய பொருளுக்கான புள்ளியால் வகுப்பார்கள். ஒருவருக்கு உழைப்பு 600, வாங்கியது 300 என்றால் அவர் முன்னுரிமை 2. இன்னொருவருக்கு 400-க்கு 100 என்றால் 4, பொருள் அவருக்கு. அதன் விலை 150 என்றால் அவருக்கு இனி 400-க்கு 250, அதாவது 1.6. அடுத்த பொருளில் முதலாமவர் முந்துவார். இரண்டு எண்ணையும் வாராவாரம் 10 சதவீதம் குறைத்தால் பழைய சேமிப்பு தானாகக் கரையும்.

அருமையான முறைதான். ஆனால் பத்துப் பேருக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். சூசைடு கிங்ஸ் என்கிற வரிசைப் பட்டியலைத்தான் உங்களுக்குச் சொல்வேன். பத்துப் பெயரையும் வரிசையாக எழுதுங்கள். பொருள் வேண்டும் என்பவர்களில் மேலே இருப்பவருக்கு அது. வாங்கியவர் அடிக்குப் போவார், அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒரு படி ஏறுவார்கள். அன்றைக்கு வராதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், வந்தவர்கள் மட்டும் தங்களுக்குள் இடம் மாற வேண்டும். இதை மறந்தால் வீட்டில் தூங்கியவர் மேலே ஏறிவிடுவார், சண்டை வரும்.

தொடக்க வரிசையை ரோல் போட்டு முடிவு செய்வதுதான் வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இதுவரை குறைவாக வாங்கியவர் மேலே, சமமாக இருப்பவர்களுக்குள் மட்டும் எல்லார் முன்னாலும் ரோல். ஹீலர் முதலில் வருவார். அது சலுகை இல்லை, பாக்கி.

இந்தப் பட்டியலில் ஒரு குறை உண்டு. மேலே இருப்பவர் பெரிய பொருளுக்காகக் காத்திருந்து சின்னச் சின்ன முன்னேற்றத்தையெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடுவார், கடைசியில் நல்ல பொருள் வீணாகும். அதனால் ஆயுதம், டிரிங்கெட் (தனிச் சக்தி தரும் சிறு அணிகலன்), செட் உருப்படி (சேர்த்து அணிந்தால் கூடுதல் பலன் தரும் தொகுப்பில் ஒன்று) இவற்றை மட்டும் பட்டியலில் வையுங்கள். மீதிக்குப் பழைய ரோலே போதும், மெயின் ஸ்பெக்குக்கு, அதாவது ரெய்டில் ஒருவர் ஆடும் முக்கிய வேலைக்கு, முதலில், ஆஃப் ஸ்பெக் என்கிற மாற்று வேலைக்கு அப்புறம்.

இனி ஹீலர் விஷயம். மாயக் கோல் ஒன்று விழுகிறது. மந்திரத்தால் தாக்கும் மேஜுக்கும் ஹீலருக்கும் பொருந்தும். மேஜ் வாங்கினால், யார் எவ்வளவு தாக்கினார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் அவர் எண் ஏறுவதை எல்லாரும் பார்ப்பார்கள். ஹீலர் வாங்கினால், முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் சாகாமல் இருப்பார், அது எந்த மீட்டரிலும் தனியாகத் தெரியாது. அதனால்தான் பேசி முடிவெடுக்கும் குழுக்களில் ஹீலரும் டேங்கும் தானாகவே பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள், கெட்ட எண்ணமே இல்லாமல். ஆறு மாதம் கழித்து ஹீலர் போன பிறகு பாஸ் ஏன் விழவில்லை என்று தேடுவார்கள். பட்டியலுக்கு மீட்டர் தெரியாது என்பதே அதன் பலம். லூட் கவுன்சில், அதாவது சிலர் கூடி முடிவெடுப்பது, மிகக் கடினமான பாஸை விரைவில் வீழ்த்த முயலும் கில்டுக்குச் சரி. அங்கும் ஒவ்வொரு முடிவின் காரணத்தையும் டிஸ்கார்டில் எழுத வேண்டும், கவுன்சிலர் தனக்கு வேண்டிய பொருளில் வாய் திறக்கக் கூடாது.

கேமே பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றலாம். கில்ட் வார்ஸ் 2, டயாப்லோ 3 போன்றவற்றில் ஒவ்வொருவருக்கும் தனித் தனியாக விழும், சண்டையே இல்லை. வார்கிராஃப்டும் 2018-இல் ரெய்டுகளைப் பர்சனல் லூட்டுக்கு மாற்றியது. தனக்கு உதவாத பொருளைக்கூடப் பல நேரம் நண்பருக்குக் கொடுக்க முடியாமல் பலர் வெறுத்துப்போனார்கள். 2022-இல் டிராகன்ஃப்ளைட் என்ற அதன் விரிவாக்கத்தில் குழு லூட் திரும்ப வந்தது. கேமின் தங்கத்துக்கு ஏலம் விட்டு அந்தத் தங்கத்தைப் பங்கு போடும் ஜி.டி.கே.பி. வேண்டவே வேண்டாம். நிஜக் காசு கொடுத்துத் தங்கம் வாங்கியவர்தான் அதில் ஜெயிப்பார். 2024 பிப்ரவரியில் வார்கிராஃப்ட் கிளாசிக்கின் சீசன் ஆஃப் டிஸ்கவரியில் அது தடை செய்யப்பட்டது.

எந்த முறையானாலும் விதியை ரெய்டு தொடங்குவதற்கு முன்பே எழுதிப் போடுங்கள். பொருள் தரையில் விழுந்த பிறகு சொல்லும் எந்த விதியும், நியாயமாகவே இருந்தாலும், ஒருவரைக் குறிவைத்துச் சொன்னதாகத்தான் தெரியும். பட்டியலை எல்லாரும் பார்க்கும் ஷீட்டில் வையுங்கள், திருத்தும் உரிமை உங்களோடு இன்னொருவருக்கும் இருக்கட்டும். புது ஆள் வந்தால் அடியில் சேருங்கள். அதற்கு முன்னால், இன்றே ஹீலரிடம் தனியாகப் பேசுங்கள். பட்டியலைக் கில்டில் போடுவதற்கு முன் அவருக்குக் காட்டி, வேறு என்ன சரியில்லை என்று கேளுங்கள்.