நகரத்தில் எந்தத் தொழில் செய்பவருக்கு மன உறுதி அதிகம்?

தீயணைப்பு வீரர், செவிலியர், பஸ் ஓட்டுநர், அலுவலக ஊழியர் ஆகியோரில் யாருக்கு மன உறுதி அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தீயணைப்பு வீரர் உறுதியானவராகத் தெரிந்தால், வேலை அவரை அப்படி ஆக்கியதா, அல்லது அப்படிப்பட்டவர்கள் மட்டுமே அந்த வேலையில் நிலைத்தார்களா? தாங்க முடியாமல் விலகியவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை.

பயனுள்ள கேள்வி வேறு: வேலையில் எவ்வளவு அதைச் செய்பவர் கையில் இருக்கிறது? பளு மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்தால்தான் மனம் அதிகம் தேய்கிறது என்று 1979இல் பணிச்சூழல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் விளக்கினார். பஸ் ஓட்டுநரைப் பாருங்கள். நேர அட்டவணையை வேறு யாரோ போடுகிறார்கள்; நெரிசலும் அவர் சொல் கேட்காது; தாமதத்துக்கு வசவு மட்டும் அவருக்கு. அறுவை மருத்துவரின் பளுவும் கடுமைதான், ஆனால் கத்தி அவர் கையில் இருக்கிறது.

லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்விலும், இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் உயர் அதிகாரிகள் அல்லர், கடைநிலை ஊழியர்களே. பெரிய பொறுப்புதான் நெஞ்சைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

தனிமனித வேறுபாடும் உண்டு. நெருக்கடியிலும் நோயுறாத மேலாளர்களிடம் ஈடுபாடு, கட்டுப்பாட்டு உணர்வு, மாற்றத்தைச் சவாலாக ஏற்கும் போக்கு ஆகிய மூன்றையும் அதே 1979இல் உளவியலாளர் சுசான் கோபாசா கண்டார். ஆனால் அவர்கள் மேலாளர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டுப்பாட்டு உணர்வு அவர்களுக்குச் சற்று எளிது.