புது கோல்ஃப் அயர்ன் செட் வாங்கும்போது எதைப் பார்த்து முடிவு செய்வது?

உங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு; எண் குறையக் குறையத் திறன் அதிகம்) 22. 7 அயர்னில் பந்து காற்றில் 135 யார்டு போகிறது, அடிக்கடி வலப்பக்கம் விலகுகிறது. செட் பழசாகிவிட்டது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கியது) வாங்குவதா, கேவிட்டி பேக் (பின்பக்கம் குழிவானது) வாங்குவதா, எந்த பிராண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். பிராண்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது லாஃப்ட், அதாவது பந்தில் படும் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். கிளப்பின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை (எண் குறைந்தால் லாஃப்ட் குறையும், தூரம் கூடும்) நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

உங்கள் பழைய செட்டில் 7 அயர்ன் ஏறக்குறைய 34 டிகிரி இருக்கும். டைட்டிலிஸ்ட் டி100 போன்ற, கைதேர்ந்தவர்களுக்கான செட்டில் இன்றும் 7 அயர்ன் 34, பிட்சிங் வெட்ஜ் (9 அயர்னுக்கு அடுத்த, குறைந்த தூரத்துக்கான கிளப்) 46. ஆனால் பிங் ஜி430-இல் 7 அயர்ன் 29, பிட்சிங் வெட்ஜ் 41. அதாவது புது 7 அயர்ன் உங்கள் பழைய 6 அயர்னைவிடச் சற்றே நிமிர்ந்த முகம் கொண்டது. கடையில் அடித்துப் பார்த்தால் 12, 15 யார்டு கூடத்தான் போகும். அதில் பெரும்பகுதி எண் மாறியதால் வந்த தூரம்.

இதை வெறும் வியாபார வித்தை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த வகை அயர்னில் எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து இயல்பாகவே உயரே எழும்பும். பழைய லாஃப்டையே வைத்தால் தேவைக்கு மேல் உயர்ந்து தூரம் குறையும். அதனால் லாஃப்டைக் குறைக்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பந்து உயரமாகப் போனாலும் சுழற்சி குறைந்துவிடுகிறது. 7 அயர்னுக்கு நிமிடத்துக்கு 7000 சுற்று, 8-க்கு 8000 என்பது பழைய கணக்கு. 5000-க்குக் கீழே போனால் கிரீனில் (குழி இருக்கும் மென்புல் பரப்பில்) விழுந்த பந்து நிற்காமல் உருண்டு பின்பக்கம் ஓடிவிடும். ஆகவே சோதனையில் தூரத்தை மட்டும் கேட்காதீர்கள். பந்து இறங்கும் கோணத்தைக் கேளுங்கள். 45 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் கிரீன் பிடிக்கும். 40-க்கு அருகில் இருந்தால், கூடுதலாகக் கிடைத்த தூரம் உங்களுக்குப் பயன்படாது.

பிட்சிங் வெட்ஜ் 41 என்றால் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் சாண்ட் வெட்ஜ் (மணல் குழிக்கான கிளப்) 56 என்று வைத்துக்கொண்டால் நடுவில் 15 டிகிரி ஓட்டை. 4 அல்லது 5 டிகிரிக்கு ஒரு கிளப் என்றால் 46, 51 என இரண்டு வெட்ஜ் சேர்க்க வேண்டும். பிட்சிங் வெட்ஜ் 46 ஆக இருந்திருந்தால் 51 ஒன்றே போதும். மேல்முனையிலோ 5 அயர்ன் 21, 22 டிகிரிக்கு வந்துவிடும். உங்கள் ஸ்விங் வேகத்துக்கு அந்த லாஃப்டில் பந்து போதிய உயரம் எழும்பாது. 5-க்கும் 6-க்கும் இடையே 10 யார்டு வர வேண்டிய இடத்தில் 4, 5 யார்டுதான் வரும். பையில் அதிகபட்சம் 14 கிளப் என்பது விதி. அதில் ஒன்றை இப்படி வீணடிக்கக் கூடாது. இந்த வகை செட்டை எடுப்பதானால் 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை வாங்கி, அதே வரிசையின் அடுத்த வெட்ஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 அயர்னுக்குப் பதில் 24 டிகிரிக்கு அருகில் ஒரு ஹைப்ரிட் (நீள அயர்னைவிட எளிதாகப் பந்தை உயர்த்தும் கிளப்) போதும். '5 முதல்' என்று கட்டிக் கொடுக்கும் செட் மலிவாகத் தெரிந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தலையின் வகைக்கு வருவோம். பிளேடு (பின்பக்கம் குழியில்லாத மெல்லிய தலை) உங்களுக்கு வேண்டாம். எடையைத் தலையின் விளிம்புகளுக்குத் தள்ளி வைத்தால், நடுவிலிருந்து விலகிப் பட்ட அடியிலும் தலை அதிகம் திருகாது. பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம் இந்த யோசனையைப் பரப்பினார். 1982-இல் வந்த ஐ2 அயர்ன் அதை எல்லோர் பையிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்கள் ஹேண்டிகேப்புக்கு அந்த வழியில் வந்த கேவிட்டி பேக்தான் சரி. கொஞ்சம் ஆஃப்செட் (முகம் தண்டைவிடச் சற்றுப் பின்தள்ளி இருப்பது) இருந்தால், அடிபடும் நேரத்துக்குள் முகம் சதுரமாகத் திரும்பக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். வலப்பக்கம் விலகுகிறவருக்கு அது உதவும். ஃபோர்ஜ்டு, காஸ்ட் (உருக்கி வார்த்தது) என்ற விவாதத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பந்து எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது தலையின் வடிவமும் எடைப் பங்கீடும்தான். ஒரே ஒரு நடைமுறை வேறுபாடு உண்டு: 1020, 1025 கார்பன் ஸ்டீலில் ஃபோர்ஜ் செய்த தலையை 2 டிகிரி வரை வளைப்பது எளிது. 17-4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காஸ்ட் தலை கடினமானது. அதிகம் வளைத்தால் ஹோசலில் (தலையும் தண்டும் சேரும் கழுத்தில்) விரிசல் விடலாம். எனவே காஸ்ட் வாங்கினால் லை கோணத்தை (தண்டு தரையோடு சேரும் கோணத்தை)ச் சரியாகச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிடுங்கள். பிறகு வளைத்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

ஷாஃப்டில் (தண்டில்) விறைப்பைக் குறிக்கும் எழுத்தைவிட எடை முக்கியம். ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவருடைய ஆர் இன்னொருவருடைய எஸ்-ஐவிட விறைப்பாக இருக்கும். பலர் பெயரைக் கேட்டு வாங்கும் டைனமிக் கோல்டு எஸ்300 ஏறக்குறைய 130 கிராம். 135 யார்டு அடிப்பவருக்கு அது பாரம். முதல் ஆறு ஹோலில் தெரியாது. பதினான்காவது ஹோலில் கை தளர்ந்து, பந்துக்கு முன்பே மண்ணில் இறங்கும், முகம் திறந்தபடி வந்து பந்து வலப்பக்கம் போகும். உங்களுக்கு 90 முதல் 105 கிராம் ஸ்டீல் பொருந்தும். நிப்பான் 950ஜிஹெச் அந்த எடையில் கிடைப்பது. முழங்கை வலி இருந்தால் 70, 80 கிராம் கிராஃபைட் பாருங்கள். அளவுக்கு மீறி இலகுவாகப் போனால் தலை எங்கே இருக்கிறது என்ற உணர்வே போய்விடும்.

இனி லை. பெரும்பாலோர் சோதிக்காமலே விடுவது இதைத்தான். வலக்கைக்காரருக்கு, அடிபடும்போது கிளப்பின் முனை (தண்டிலிருந்து விலகிய பக்கம்) தூக்கி நின்றால் பந்து இடப்பக்கம் கிளம்பும். குதிகால் பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) தூக்கி நின்றால் வலப்பக்கம். லாஃப்ட் கூடக்கூட இந்த விலகலும் கூடும். அதனால் வெட்ஜில்தான் அதிகம் கெடுக்கும். நின்ற நிலையில் தரையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்விங்கின் வேகத்தில் ஷாஃப்ட் கீழ்நோக்கி வளைகிறது. கையும் தொடக்கத்தில் இருந்ததைவிட உயர்ந்து வருகிறது. எளிய சோதனை: பந்தில் மார்க்கரால் தடித்த கோடு ஒன்று போட்டு, அது செங்குத்தாக முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். நேராகப் பதிந்தால் லை சரி. மேல்முனை குதிகால் பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் தட்டையாக இருக்கிறது, நிமிர்த்த வேண்டும். முனைப் பக்கம் சாய்ந்தால் எதிர்மாறு. ஐந்தாறு அடிகளாவது பாருங்கள். ஆனால் பந்து நேராகக் கிளம்பிப் பிறகு வலப்பக்கம் வளைகிறதென்றால், பெரும்பாலும் அது ஸ்விங் பாதையும் முகமும் சேராத கோளாறு. லையை வளைத்து அதைத் தீர்க்கப் பார்த்தால் ஸ்விங் திருந்தும்போது இடப்பக்கம் போகத் தொடங்கும்.

நீளத்தைத் தொட்டால் மற்றவையும் நகரும். அரை அங்குலம் கூட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரியும் என்ற அளவு) சுமார் 3 புள்ளி ஏறும். டி1 ஆக இருந்தது டி4 ஆகும். லையும் நிமிர்ந்ததுபோல் நடந்துகொள்ளும். 7 அயர்னுக்கு 37 அங்குலம் வழக்கமான நீளம். உயரம் மட்டும் பார்த்து நீளத்தை மாற்றாமல், மணிக்கட்டு முதல் தரை வரை அளந்து, முகத்தில் பந்து படும் இடத்தையும் பார்த்துத் தீர்மானியுங்கள்.

அடிப்பாகத்தின் அகலம் நீங்கள் ஆடும் மண்ணைப் பொறுத்தது. சென்னையின் கோடையில் இறுகிக் கிடக்கும் தரையில் மிக அகலமான அடிப்பாகம் துள்ளி, பந்தின் நடுவில் விளிம்பு படும். மழைக்குப் பின் இளகிய மண்ணிலும், மேலிருந்து செங்குத்தாக இறங்கும் ஸ்விங்குக்கும் அதே அகலம் காப்பாற்றும். நடுத்தர அகலம் எடுங்கள்.

சோதிக்கும்போது இன்னொரு ஆபத்து, அடித்துப் பார்க்க விரித்திருக்கும் செயற்கைப் புல் பாய். பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே இறங்கினாலும் பாயில் கிளப் வழுக்கிப்போய்ப் பந்தை நன்றாகவே அடிக்கும். புல்லில் அதே அடி பாதி தூரம் போகாது. முடிந்தால் புல்லில் அடியுங்கள். கிளப்பின் முகத்தில், பாதங்களுக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டால் பட்ட இடம் தெரியும். 7 அயர்னோடு நிறுத்தாமல், செட்டின் மிக நீளமான கிளப்பையும் பிட்சிங் வெட்ஜையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து பந்து அடியுங்கள். மிக நல்ல அடியை எழுதி வைக்காதீர்கள். சுமாரான அடி எவ்வளவு குறைகிறது, எவ்வளவு விலகுகிறது என்பதை எழுதுங்கள். சுமார் அடியில் 8 யார்டு குறையும் தலை, நல்ல அடியில் 5 யார்டு கூடுதலாகப் போய்ச் சுமார் அடியில் 20 குறையும் தலையைவிட உங்களுக்கு நல்லது.

கிரிப்பை வெயிலும் வியர்வையும் சீக்கிரம் இறுக்கி வழுக்க வைத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நூல் கலந்த கிரிப் பிடிமானம் தரும். இடக்கையின் நடு இரண்டு விரல் நுனிகள் உள்ளங்கை மேட்டை லேசாகத் தொட்டால் தடிமன் சரி. விரல் அழுந்தினால் கிரிப் சிறியது.

செட் கைக்கு வந்ததும், லாஃப்ட்-லை அளக்கும் கருவி உள்ள இடத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். தயாரிப்பில் 1 டிகிரி முன்பின் வருவது சாதாரணம். 8 அயர்ன் ஒரு டிகிரி குறைந்தும் 9 ஒரு டிகிரி கூடியும் வந்தால், நடுவில் 4 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 6 ஆகிவிடும். அந்த இடைவெளித் தூரத்துக்கு உங்களிடம் கிளப்பே இருக்காது. பழைய செட் வாங்குவதானால் ஹோசலில் உள்ள சீரியல் எண்ணை பிராண்டின் டீலரிடம் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். அளந்து பார்க்க மறுக்கும் விற்பவரிடம் வாங்க வேண்டாம்.