விழாவில் கூத்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது ஏன்?

கூத்து இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே, தவறான நிகழ்ச்சிக்குப் போய்விட்டோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, போய்விடவில்லை. மட்டக்களப்பு நாடக விழாவில் பார்த்ததும் கூத்துத்தான், மேடைக்குச் சுருக்கியது. "விடிய விடிய ஆடுவார்கள் என்றார்களே" என்று கேட்டிருக்கிறீர்களே, அது ஊரில் களரியில், அதாவது திறந்தவெளி ஆடுகளத்தில், ஆடும் கூத்து.

சுருக்கம் பெரும்பாலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வழி வந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்களின்) துணையோடு கூத்தைப் படச்சட்ட மேடைக்கு, அதாவது ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கும் மேடைக்கு, மாற்றினார். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கும், ஆட்டக்காரர் சுற்றிச் சுற்றி ஆட வேண்டும். ஒருவர் களரிக்குள் வரும்போது ஆடும் வரவாட்டத்துக்கே நெடுநேரம் போகும். மேடையில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். எனக்கோ அதுதான் கூத்தின் உயிர்.

அடுத்த முறை அழைப்பிதழில் இடத்தைப் பாருங்கள். மண்டபம் என்றால் சுருக்கம். கோயில் வெளி, களரி, அரங்கேற்றம் என்று இருந்தால் இரவுக் கூத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். கூத்தின் இரண்டு பாணிகளில் வடமோடியா தென்மோடியா என்றும் கேளுங்கள், தாளமும் ஆட்டமும் வேறு.

ஆனால் இப்போது சில ஊர்களிலும் நடுச்சாமத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் ஏற்பாட்டாளரிடம் நேரத்தைக் கேட்டுவிட்டே புறப்படுங்கள். பாயும் போர்வையும் மறக்க வேண்டாம். திரும்பி வர விடியற்காலை பஸ்தான், அதற்கு முன் ஓட்டோவை நம்பாதீர்கள்.