தெம்புசு நிற்கட்டும், அல்பீசியா போகட்டும்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் கிராஞ்சி பக்கம் சிறிய நர்சரி வைத்திருக்கிறேன். புக்கிட் தீமா பக்கம் காலி நிலம் ஒன்றில் வரப்போகும் கொண்டோமினியத்துக்கு (தனியார் அடுக்குமாடி வீடுகள்) மரம் வைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நிலத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி, இரண்டு தெம்புசு, வேலியோரம் ஆறேழு அல்பீசியா நிற்கின்றன. எதை விடலாம், எதை எடுக்கலாம்? சாவி கொடுக்கும்போதே நிழல் இருக்க வேண்டும் என்கிறார்கள். அங்சானா மரத்தைப் பெரிய போத்தாகவே, அதாவது வெட்டிய தடித்த கிளையாகவே, நட்டுவிடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மண் தோண்டும் இயந்திரம் வந்து போன பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். அப்போது என்னால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிகிறது.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றி அளந்துவிடுங்கள். சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால், காலி நிலத்திலும் மரப் பாதுகாப்புப் பகுதியிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அந்தப் பாதுகாப்புப் பகுதிகள் இரண்டு. ஒன்று தீவின் நடுப்பக்கம், இன்னொன்று சாங்கியில், 1991ல் அறிவித்தார்கள். உங்கள் அல்பீசியாவுக்கும் இதே சட்டம்தான். ‘தானாக முளைத்த மரம்தானே’ என்று யாராவது ரம்பத்தைத் தூக்கினால் தடுத்துவிடுங்கள்.

தெம்புசு இரண்டும் நிற்கட்டும், இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. இந்த மண்ணின் மரம், வைரம் பாய்ந்த கட்டை, மெதுவாக வளரும். ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருப்பதும் தெம்புசுதான். சாயங்காலம் அது பூத்திருக்கும்போது அந்த வழியாக நடந்தவர்களுக்கு நான் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறேன் என்று புரியும். அந்தப் பருமனில் ஒரு மரத்தை எந்த நர்சரியும் உங்களுக்கு விற்க முடியாது.

அல்பீசியாவுக்கு அனுமதி கேட்டு எடுத்துவிடுங்கள். மளமளவென்று உயர்ந்துவிடும், ஆனால் கட்டை சோளத்தட்டை மாதிரி. விடியற்காலையில் சுமத்ரா காற்று, அதாவது சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் சூறைக்காற்று, அடித்தால் முதலில் முறிவது அதுதான். கீழே பிள்ளைகள் விளையாடப் போகிற இடத்தில் அது வேண்டாம்.

தூங்குமூஞ்சிதான் யோசிக்க வேண்டியது. நல்ல மண் கிடைத்தால் அதன் குடை 30 மீட்டர்கூட விரியும். கட்டடத்துக்காக ஒரு பக்கத்து வேரையும் அதே பக்கத்துக் கிளைகளையும் வெட்டித்தான் வைக்க முடியும் என்றால், அந்த மரம் ஒருச்சாய்ந்து நிற்கும், பிறகு ஆபத்தாகிவிடும். வைத்தால் முழுதாக வையுங்கள். அதற்குக் கட்டடத்தைச் சில மீட்டர் தள்ளிப்போட முடியுமா என்று வரைபடம் முடிவாகும் முன்னே கேட்டுவிட வேண்டும்.

அப்புறம் பாதுகாப்பு. நிறையப் பேர் அடிமரத்தைச் சுற்றிப் பலகை கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மரம் சாவது பெரும்பாலும் பட்டையில் அடிபட்டு அல்ல, வேர் மூச்சுத் திணறித்தான். உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் அரை மீட்டருக்குள்தான் ஓடுகிறது. நெஞ்சளவு உயரத்தில் மரத்தின் குறுக்களவு எவ்வளவோ, அதைப்போல் 12 மடங்கு தூரத்துக்கு நாற்புறமும் வேலி போடுங்கள். சுற்றளவு 250 சென்டிமீட்டர் என்றால் குறுக்களவு ஏறக்குறைய 80. வேலி மரத்திலிருந்து ஒன்பதரை மீட்டர் தள்ளி வரும். ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

நான் பார்த்துக்கொண்ட ஒரு தளத்தில், இரண்டே வாரத்துக்கு என்று வேலியைக் கழற்றி, மரத்தடியில் ஜல்லி கொட்டினார்கள். சிமெண்ட் கலவை வண்டியையும் அங்கேயே கழுவினார்கள். மரம் பச்சையாகத்தான் நின்றது. இரண்டு வருஷம் கழித்து உச்சிக்கிளைகள் காயத் தொடங்கின. ஜல்லியை அள்ளிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார்த்தேன், மண் இறுகிப்போய் நுனிகூட இறங்கவில்லை. அந்த மரத்தை வெட்டிய நாள் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வேலி உறுதியான இரும்பு வேலியாக இருக்கட்டும், வேலை முடியும்வரை திறக்க விடாதீர்கள். உள்ளே மண் மேடு கட்டக்கூடாது, சுரண்டவும் கூடாது. குழாய் போயே ஆக வேண்டுமென்றால் பள்ளம் வெட்டாமல் வேருக்கு அடியில் துளைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மரச்சில்லுகளை ஒரு சாண் கனத்துக்குள் பரப்பலாம், ஆனால் அடிமரத்தை ஒட்டக் குவிக்காதீர்கள்.

புதிய மரங்களுக்கு வருவோம். அங்சானா நம் ஊர் வேங்கைக்கு உறவுதான், எனக்கும் பிடிக்கும். இங்கே அந்தக் காலத்தில் அவசர நிழலுக்கு அதைப் பெரிய போத்தாகவே நட்டார்கள். ஆனால் போத்தின் தலையில் ஒரே இடத்திலிருந்து நாலைந்து கிளை கிளம்பும். மரம் பெருத்ததும் கிழிவது அந்தக் கவட்டைதான். வாடல் நோயும் அதை வரிசையாகச் சாய்த்திருக்கிறது. ஒன்றிரண்டு இருக்கலாம், சாலை முழுக்க வேண்டாம்.

திறந்த மண் உள்ள ஓரங்களில் புன்னையும் மகிழமும் வையுங்கள். புன்னைக்காய் கோலிக்குண்டு மாதிரி உருளும், நடைபாதையை விட்டுத் தள்ளி நடுங்கள். நாவல் கேட்பார்கள், கார் நிற்கும் இடத்துக்கு மேல் மட்டும் வேண்டாம், கறை போகாது. வேம்பும் கேட்பார்கள். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அது அழுகிவிடும், மேட்டில் இடம் இருந்தால் சரி. அடித்தளக் கார் நிறுத்துமிடத்தின் கூரைமேல் பெரிய மரம் எதுவும் வேண்டாம். எவ்வளவு மண் போடுகிறார்கள் என்று பார்த்து, சிறிய மரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நர்சரியிலிருந்து ஏற்றும் முன் ஒவ்வொரு கன்றின் தொட்டியையும் கழற்றிப் பாருங்கள். வேர் உள்ளேயே வட்டமடித்திருந்தால் அதை வெட்டிவிட்டு நட வேண்டும். இல்லையென்றால் பத்து வருஷம் கழித்து அதே வேர் மரத்தின் கழுத்தை நெரிக்கும். அடிமரம் விரிந்து வேராகும் இடம் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். நவம்பர் மழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறையும்.

தெம்புசு இரண்டின் சுற்றளவையும், கட்டட எல்லைக்கும் தூங்குமூஞ்சிக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதையும் எழுதி அனுப்புங்கள். வேலி எங்கே வரும் என்று குறித்துத் தருகிறேன்.