வால் பகுதியை ஆராயும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். புள்ளியியலில் இளநிலைப் பட்டம் முடிக்கவிருக்கும் தங்கள் மகள், கனத்த வால் கொண்ட நிகழ்தகவுப் பரவல்களையும் அவற்றைத் தரவுகளுக்குப் பொருத்தும் மென்பொருள்களையும் முதுநிலை ஆய்வுத்திட்டமாக எடுத்துக்கொள்ள விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பெயரில் ஒரு வேலை விளம்பரத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பது தங்கள் கவலை. தாங்கள் பார்த்தது சரிதான். அப்பெயரில் விளம்பரம் வருவது மிக அரிது. ஆனால் அந்த வேலை வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர்களோ குறைவு.

முதலில், அவர் படிக்க நினைப்பது என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதர்களின் உயரம், இயந்திரம் நிரப்பும் புட்டிகளின் எடை போன்றவற்றில், சராசரியிலிருந்து விலக விலக அத்தகைய மதிப்புகள் வெகு வேகமாக அரிதாகிவிடும். மணி வடிவில் வரையப்படும் இயல்நிலைப் பரவல் இவற்றுக்குப் பொருந்தும். தீவிபத்து இழப்பு, வெள்ளத்தின் உயரம், பங்குச் சந்தையின் ஒருநாள் வீழ்ச்சி, இணையத்தில் பரிமாறப்படும் கோப்புகளின் அளவு ஆகியவை அப்படி அடங்குவதில்லை. பரவலின் ஓரத்தில் உள்ள மிகப் பெரிய, அரிதான மதிப்புகளின் பகுதியையே வால் என்கிறோம்; அவை வேகமாக அரிதாகாவிட்டால் வால் கனத்தது. டென்மார்க்கில் 1980 முதல் 1990 வரை பதிவான பெரும் தீவிபத்து இழப்புகளின் தரவு இத்துறை மாணவர்கள் பலரும் ஒருமுறையாவது கையாள்வது. 10 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட, இரண்டாயிரத்துக்கும் அதிகமான அந்த இழப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை 20 லட்சத்தைத் தாண்டவில்லை. மிகப் பெரிய ஒன்று மட்டும் 26 கோடியைத் தாண்டியது. சராசரியையும், அதைச் சுற்றி மதிப்புகள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தையும் மட்டும் நம்பித் திட்டமிடும் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கை அந்த ஒரே விபத்து புரட்டிப்போட்டுவிடும்.

இந்தப் புரட்டலைக் கணக்கில் கொள்ளும்படி சட்டமும் கேட்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனங்கள், 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடிய இழப்பைத் தாங்கும் மூலதனத்தை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் நடைமுறையில் உள்ளது. வங்கிகளின் சந்தை இடர் குறித்த பாசெல் விதிகள் என்னும் பன்னாட்டு விதிகளும், ஓர் எல்லையைக் குறிப்பதோடு நிற்காமல், அந்த எல்லையைத் தாண்டினால் சராசரியாக எவ்வளவு இழப்பு என்பதையே அளக்கச் சொல்கின்றன. நெதர்லாந்தில் 1953ஆம் ஆண்டு வெள்ளத்தில் 1,800க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய நீர்மட்டத்தைத் தாங்கும் கரைகளைத் திட்டமிட்டார்கள். கையிலிருந்த அளவீடுகளோ அதில் மிகச் சிறிய காலத்துக்கானவை. பார்த்தே இராத உயரத்தைப் பார்த்த உயரங்களிலிருந்து கணிக்க வேண்டியிருந்தது. ஆகவே விளம்பரங்களில் தாங்கள் தேட வேண்டிய பெயர்கள் இவை: மறுகாப்பீடு, பேரிடர் மாதிரியாக்கம், காப்பீட்டுக் கணிப்பியல், சந்தை இடர் மேலாண்மை, வங்கி மாதிரிகளின் சரிபார்ப்பு, நீரியல், தொலைத்தொடர்பு வலையமைப்புத் திட்டமிடல்.

எந்த மென்பொருளைக் கற்றால் வேலை உறுதி என்பது தங்களுடைய இரண்டாவது கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் பலரும் மாணவர்களும் தடம் மாறுவது இங்கேதான்.

கற்பதற்குத் தடையாகப் பணம் நிற்கவில்லை. ஆர் என்னும் மொழி இலவசம்; ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் இரு புள்ளியியலாளர்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய அதில், உச்சமதிப்புகளை ஆராய்வதற்கென்றே எக்ஸ்ட்ரீம்ஸ், இவிடி முதலிய தொகுப்புகள் உள்ளன. பைத்தானும் இலவசம், அதன் சைபை நூலகத்தில் பரேட்டோ, காஷி, லெவி போன்ற கனத்த வால் பரவல்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. என் பரிந்துரை, ஆர் மொழியை ஆழமாகவும் பைத்தானைப் பழகிய அளவிலும் கற்பது. சைபையின் பொருத்தும் கட்டளை ஒரு மதிப்பீட்டை மட்டும் தந்து நின்றுவிடுகிறது. ஆரின் இத்தொகுப்புகள் அந்த மதிப்பீடு எவ்வளவு தள்ளாடக்கூடியது என்பதையும் சேர்த்துத் தருகின்றன. வால் பகுதியில் தரவு எப்போதும் குறைவு என்பதால், அந்தத் தள்ளாட்டத்தைச் சொல்லாத எண்ணால் பயனில்லை.

ஆனால் மென்பொருளின் பெயரைத் தெரிந்திருப்பதும் அது தரும் எண்ணைப் புரிந்திருப்பதும் ஒன்றல்ல. பரவலின் உருவத்தை நிர்ணயிக்கும் எண்களை அளபுருக்கள் என்பார்கள். அவற்றில், வால் எவ்வளவு கனமானது என்பதைக் குறிக்கும் வடிவ அளபுருவை எடுத்துக்கொள்வோம். பாடநூல்களில் பெரும்பாலும் அது நேர்க்குறி பெற்றால் வால் கனம் என்று பொருள். சைபையில், ஒவ்வோர் ஆண்டின் உச்சம் போன்றவற்றுக்குப் பொருத்தும் பொதுமைப்படுத்திய உச்சமதிப்புப் பரவலுக்கு அந்தக் குறி தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது. அதே நூலகத்தில், ஓர் எல்லையைத் தாண்டிய மதிப்புகளுக்குப் பொருத்தும் பொதுமைப்படுத்திய பரேட்டோ பரவலுக்கு அப்படி இல்லை. இதை அறியாத மாணவர், முடிவே இல்லாமல் நீளும் வாலை ஓர் எல்லையோடு முடிவது என்று அறிக்கையில் எழுதிவிடுவார். கணினியும் எந்த எச்சரிக்கையும் தராது. இன்னொன்று: ஒரு வாசல் மதிப்பைத் தாண்டியவற்றை மட்டும் எடுத்து, அம்மதிப்பைக் கழித்துப் பரேட்டோவைப் பொருத்தும்போது, பரவல் எங்கே தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் இட அளபுருவைப் பூஜ்யத்தில் நிறுத்திவைக்கும்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மென்பொருள் அதையும் தானே மதிப்பிடும். மற்ற எண்களும் அதற்கேற்ப மாறிப்போகும்.

எல்லாவற்றிலும் கடினமானது அந்த வாசல் மதிப்பைத் தேர்ந்தெடுப்பது. டென்மார்க் தரவில் வாசலை 1 கோடி குரோனரில் வைத்தால் அதைத் தாண்டும் இழப்புகள் 109 மட்டுமே; வடிவ அளபுரு ஏறக்குறைய 0.5 என்று வருகிறது. அந்த 0.5 சாதாரண எண் அன்று. அதை எட்டினாலோ தாண்டினாலோ அப்பரவலுக்குத் திட்டவிலக்கம் முடிவிலியாகிவிடும். 1ஐ எட்டினால் சராசரியும் அப்படியே. வாசலைத் தாழ்த்தினால் தரவு கூடும், ஆனால் வாலுக்குரியதல்லாத இழப்புகளும் உள்ளே வந்துவிடும்; உயர்த்தினால் மிஞ்சும் சில எண்களின் மீது முழு முடிவும் தொங்கும். எங்கே நிற்பது என்பதை மென்பொருளிடம் மட்டும் விட்டுவிட முடியாது. வாசலைப் படிப்படியாக நகர்த்தி, அளபுரு எங்கே நிலைகொள்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, காரணம் சொல்லி முடிவெடுப்பவருக்கே சம்பளம் தரப்படுகிறது. நேர்முகத் தேர்வில் துறை அறிந்தவர்கள் கேட்பதும் இதையே. கட்டளைகள் அனைத்தையும் மனப்பாடமாகச் சொன்ன மாணவர் ஒருவர், ‘ஏன் இந்த வாசல்?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பியதாக என்னிடம் வருந்தியிருக்கிறார். திறமையான மாணவர்தான், அதைக் கற்றுக்கொள்ளும்படி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதே என் வருத்தம்.

இதைப் பழக ஒரு வழி உண்டு. விடை முன்கூட்டியே தெரிந்த தரவைக் கணினியிலேயே உருவாக்கி, மென்பொருள் அந்த விடையைத் திருப்பித் தருகிறதா என்று சோதிக்க வேண்டும். தொடக்கமாக, காஷி பரவலிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரையிலான சராசரியை வரையச் சொல்லுங்கள். ஆயிரம் எண்களானாலும் பத்து லட்சமானாலும் அது அடங்காது. எங்கிருந்தோ ஒரே ஓர் எண் வந்து கோட்டை இழுத்துவிடும், ஏனெனில் அப்பரவலுக்குச் சராசரி என்பதே கிடையாது. வகுப்பில் வாக்கியமாகக் கேட்பதைவிட, தன் திரையில் அந்தக் கோடு துள்ளுவதைப் பார்க்கும் மாணவரின் மனத்தில் இது அழுத்தமாகப் பதியும்.

பொதுவான தரவு அறிவியலுக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டியதில்லை, ஆனால் அதன் அடிப்படைகளை விட்டுவிடவும் கூடாது. தரவுத்தளத்திலிருந்து எஸ்க்யூஎல் மூலம் தரவெடுப்பது, ஓர் அளவு மற்ற அளவுகளைச் சார்ந்து எப்படி மாறுகிறது என்று கணிக்கும் பின்னடைவு மாதிரிகள், தெளிவான அறிக்கை எழுதுவது ஆகியவை இல்லாமல் நுழைவுநிலை வேலை கிடைப்பது கடினம். இவற்றோடு வால் பகுதி குறித்த தேர்ச்சியும் சேரும்போதுதான் அவருடைய விண்ணப்பம் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும். சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

ஆய்வுத்திட்டத்தைப் பொறுத்தவரை, புதிய மென்பொருள் எழுதுவதாகத் தொடங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு தரவை எடுத்து, ஆரிலும் பைத்தானிலும் தனித்தனியே பொருத்தி, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன, ஏன் என்று எழுதட்டும். இரு அச்சுகளிலும் மடக்கை எடுத்த வரைபடத்தில் நேர்கோடு தெரிகிறது என்பதற்காக அதை அடுக்கு விதி (பரேட்டோவைப் போன்ற கனத்த வால்) என்று அறிவித்துவிடாமல், மடக்கை எடுத்தால் மணி வடிவம் பெறும் மடக்கை இயல்நிலைப் பரவலோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நிரல்களையும் அறிக்கையையும் பொதுவில் வைத்தால், தேர்வு செய்பவர் கேட்கும் முன்பே அவற்றைக் காட்டலாம். முதல் பருவம் முடிந்ததும், அவர் தேர்ந்தெடுத்த வாசல் மதிப்பையும் அதற்கான காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்; படித்துப் பதில் எழுதுகிறேன்.